கைவிட்டவர் ஒருவர் அல்ல

மணவாழ்க்கை முறிந்து தனியாகிவிட்ட நாற்பத்தைந்து வயதுப் பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால், "பாவம், அவள் தலையெழுத்து" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் கோயிலுக்குப் போகச் சொல்வார்கள், பிள்ளைகளுக்காக வாழச் சொல்வார்கள். இரண்டிலும் ஓர் அனுமானம் இருக்கிறது: தனிமை அவருக்குள் இருக்கும் நோய், அதைத் தேற்றிக்கொள்ள வேண்டியவரும் அவரே. இந்த அனுமானம் தவறு. கணவன் போனதால் வந்த வெறுமை ஒரு பங்கு என்றால், அதன்பிறகு உடன்பிறந்தவர்களும் பங்காளிகளும் தெருவும் ஒவ்வொருவராக விலகியதால் வந்தது பெரும்பங்கு. முதலாவதைக் காலம் ஆற்றக்கூடும். இரண்டாவது, விலகியவர்கள் திரும்பி வந்தால் ஒழியத் தீராது. அதனால் இதைக் கடமை பற்றிய கேள்வியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்தில், வானூர் வட்டத்திலிருந்து கழுவெளிச் சதுப்புநிலத்தைத் தாண்டி மரக்காணம் வரையிலான கரையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். மரக்காணத்து உப்பளம் 3,000 ஏக்கருக்கும் மேல். தை, மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை வேலை இருக்கும். பாத்தியில் உப்பு வாருவது பெரும்பாலும் ஆண்கள். அதைத் தலையில் சுமந்து மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவது பெண்கள். நிறைந்த கூடையைத் தலைக்கு ஏற்ற இன்னொருத்தியின் கை வேண்டும் என்பதால், அந்த வேலையில் யாரும் தனியாக நிற்பதில்லை. ஐப்பசி மழை இறங்கியதும் பாத்திகள் தண்ணீருக்குள் போய்விடும். வேலையற்ற அந்த மாதங்களுக்கென மாநில அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அது அரிசிக்கு உதவும். ஆனால் கணவன் விட்டுப்போன பெண்ணுக்கு அப்போது கூலியோடு பேச்சுத்துணையும் நின்றுபோகிறது. உப்பளத்தில் "அக்கா" என்று அழைத்தவர்கள் தங்கள் வீட்டு வளைகாப்புக்கு அவரை அழைப்பதில்லை. அழைத்தாலும் ஆரத்தித் தட்டு அவர் கைக்கு வருவதில்லை. கூடை ஏற்றிவிடத் தகுந்த கை, குங்குமம் வைத்துவிடத் தகாத கையாகிவிடுகிறது.

கணவனை இழந்த பெண்ணுக்கும் இந்தக் கொடுமை உண்டு. ஆனால் சாவுக்குத் துக்கம் கேட்கவாவது ஊர் வருகிறது. விட்டுப்போனவனுக்குக் கருமாதி கிடையாது, துக்கம் கேட்க யாரும் வருவதும் இல்லை. "வெளியூரில் வேலையாக இருக்கிறார்" என்று அந்தப் பெண்ணே ஒரு கதை கட்டவேண்டியிருக்கிறது. சிலப்பதிகாரத்துத் தேவந்தியின் நிலையும் இதுதான். கணவன் நீங்கியபின், அவன் தீர்த்தமாடப் போயிருப்பதாகக் காரணம் காட்டிக்கொண்டு அவள் கோயிலே கதியாக இருந்தாள். கோவலன் பிரிந்திருந்த நாளில் கண்ணகிக்காக வேண்டிக்கொண்டு வந்து பேசியவளும் அவள்தான். கண்ணகியைக் கொண்டாடும் நாம் தேவந்தியை நினைப்பதே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் மணமுறிவு பெற்ற பெண்கள் ஏறத்தாழ 9 லட்சம் பேர், பிரிந்து வாழ்வோர் 23 லட்சத்துக்கும் மேல். இரு பிரிவிலும் ஆண்களின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதிதான். ஆண்கள் மறுமணம் செய்துகொண்டு அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுவது இதற்கு முக்கியக் காரணம். பெண்களில் பெரும்பாலோர் தீர்ப்போ காகிதமோ இல்லாமல், மனைவி என்றும் சொல்லமுடியாமல் இல்லை என்றும் சொல்லமுடியாமல் நிற்கிறார்கள்.

விலகியவர்களில் முதலில் பொறுப்புச் சொல்ல வேண்டியது பிறந்த வீடு. தந்தை தானே சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுச்சென்ற சொத்தில் மகளுக்குச் சமபங்கு 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும், 1989 மார்ச் 25-க்கு முன் மணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு சமபங்கு கொடுத்தது. இன்று நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் இருக்கும் பெண்களில் பெரும்பாலோர் அதன்பிறகு மணமானவர்கள்தான். ஆனாலும் அந்தப் பங்கை அவர்கள் அனுபவிக்கவில்லை. "உனக்குத்தான் புருஷன் வீடு இருக்கே" என்று சொல்லி, அண்ணன் தம்பி பேருக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வது நம் ஊர்களில் வழக்கம். அந்தக் கையெழுத்துக்கு எழுதப்படாத ஒரு கைம்மாறு உண்டு: சீர்வரிசை, தாய்மாமன் முறை, எப்போது வந்தாலும் திறந்திருக்கும் ஒரு வாசல். புருஷன் வீடு இல்லாமல் போன அன்று, கையெழுத்துக்குச் சொன்ன காரணமே விழுந்துவிடுகிறது. சொத்து மட்டும் அண்ணனிடமே நிற்கிறது. திரும்பி வந்தவளுக்கு அடுப்படி வேலையும், சோற்றுக்குக் கணக்குப் பார்க்கும் பார்வையும் கிடைக்கின்றன. அவளுக்கு ஓர் அறை ஒதுக்குவதைத் தருமம் என்று சொல்வதை ஏற்கமுடியாது. அது வாங்கிய கடனைத் திருப்பித் தருவது.

அன்பைக் கட்டளையிட முடியுமா என்று கேட்கலாம். முடியாது. யாரும் யாருக்கும் தோழியாகவேண்டும் என்று அறம் விதிக்க முடியாது. ஆனால் பத்திரிகை வைக்காமல் இருப்பதும், நல்ல காரியத்தில் ஒதுக்கி உட்காரவைப்பதும் அன்பில்லாமை என்பதோடு முடிவதில்லை. அவை தெரிந்தே செய்யும் செயல்கள், அவற்றை நிறுத்தச் சொல்லலாம். இப்படிப்பட்ட பெண்களுக்கு ஆதரவு பெருகினால் குடும்பங்கள் சுலபமாக உடையும் என்பது இன்னொரு மறுப்பு. தனிமைக்குப் பயந்து அடியையும் வசவையும் தாங்கிக்கொண்டிருக்கும் மணவாழ்வைக் காப்பாற்ற, வெளியே வந்தவளை எச்சரிக்கைப் பலகையாக நிறுத்திவைப்பது எந்த அறத்தில் சேரும்? மூன்றாவது மறுப்பில் உண்மை இருக்கிறது: உப்பளக் கூலியில் வாழும் அண்ணனுக்கும் இரண்டே அறை, மூன்று பிள்ளைகள். வறுமை அறையைச் சுருக்கத்தான் செய்யும். பந்தியில் ஓர் இடத்தை அது சுருக்குவதில்லை. மனக்கஷ்டம்தானே, இதனால் என்ன கெட்டுவிடும் என்போருக்கு, தனிமையோடு தொடர்புள்ள மரணங்கள் உலகில் ஆண்டுக்கு 8,71,000 என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் மதிப்பிட்டதை நினைவூட்டலாம். மறுமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்பதும் சிலர் சொல்லும் தீர்வு. அது அவர் விரும்பினால் எடுக்கவேண்டிய முடிவு. ஊர் தன் கடனைக் கழிக்க அது குறுக்குவழி ஆகாது.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான மாத உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது நல்லது. ஆனால் மணமுறிவுத் தீர்ப்போ, பிரிவுக்கான நீதிமன்றச் சான்றோ இல்லாதவர், ஐந்து ஆண்டாகக் கைவிடப்பட்டிருப்பதைக் காட்டவேண்டும் என்பது விதி. இந்து திருமணச் சட்டம் இரண்டு ஆண்டு கைவிட்டிருந்தாலே மணமுறிவு கேட்கலாம் என்கிறது. ஒரு சட்டம் இரண்டு ஆண்டில் ஒப்புக்கொள்ளும் உண்மையை இன்னொரு விதி ஐந்து ஆண்டு காத்திருந்து நம்புவதற்கு நியாயம் இல்லை. அதை இரண்டாகக் குறைக்கவேண்டும்.

மற்றது நம் கையில் இருக்கிறது. உங்கள் தங்கையோ அக்காவோ இந்த நிலையில் இருந்தால், அடுத்த காதணி விழாவின் முதல் பத்திரிகையை அவர் வீட்டுக்கு நேரில் போய்க் கொடுங்கள். ஆரத்தியையும் அவரையே எடுக்கச் சொல்லுங்கள்.