கண்ணுக்கு எட்டாத மேய்ச்சல் நிலம்

2019 ஆகஸ்டில் திருவான்மியூர்க் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தபோது, இரவென்றும் பாராமல் கைபேசியும் கையுமாகப் போய் நின்றோம். அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாகி, செத்த மீன்கள் கரை ஒதுங்கின. அந்தக் காட்சிக்காக யாரும் குடும்பத்தோடு கிளம்பியதாகத் தெரியவில்லை. இரண்டுக்கும் காரணமாகச் சொல்லப்பட்டது நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர். பாம்பன் பக்கத்தில் அந்தப் பச்சைப் படலத்தைப் பூங்கோரை என்பார்கள்.

அதிசயமாகவோ ஆபத்தாகவோ மேலே வந்து நின்றால்தான் கடல் நம் கவனத்துக்கு வருகிறது. உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதியைச் செய்யும் மிதவைப் பாசிகளோ, ஆழத்துக்கு ஒரு கூட்டம், பருவத்துக்கு ஒரு கூட்டம் என்று சத்தமில்லாமல் முறை மாறிக்கொள்கின்றன. அவற்றுக்கு வேண்டிய வெளிச்சம் மேலே இருக்கிறது, சத்து அடியில் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துவைப்பது காற்று. தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையோரம் அடிநீர் குளிர்ச்சியோடு மேலெழ, அதன் சத்தில் டயட்டம் என்ற வகை மிதவைப் பாசிகள் பெருகுகின்றன, அவற்றை மேய்ந்து மத்தி கொழுக்கிறது. காற்று ஓய்ந்து நீர் அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டால், சத்தைத் தேடி மேலும் கீழும் நீந்தவல்ல டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற இன்னொரு வகையின் கை ஓங்குகிறது. வங்காள விரிகுடாவில் ஆறுகள் கொட்டும் நன்னீர் உப்புநீரின்மேல் மூடியாகப் படிந்து, சத்தை மேலே வரவிடுவதில்லை. ஆகவே பச்சையம் செறிந்திருப்பது பெரும்பாலும் பல பத்து மீட்டர் ஆழத்தில். செயற்கைக்கோளின் கண் அவ்வளவு தூரம் இறங்காது. அதன் படத்தில் இந்தக் கடலின் பெரும்பகுதி ஏழைக் கடலாகவே தெரிகிறது.

இந்த நுட்பமான கணக்குக்குள் நாமும் ஒரு பங்கைச் சேர்க்கிறோம். வயலில் மிஞ்சிய யூரியாவும் ஊரின் சாக்கடையும் பருவம் பாராமல் கடலின் மேலடுக்கில் போய் விழுகின்றன. காற்று மாதக்கணக்கில் உழைத்து அளந்து கொடுப்பதை நாம் அளவின்றிக் கொடுக்கிறோம். அதில் பெருகிய பாசி அழுகி நீரின் மூச்சுக்காற்றைத் தின்றுவிட்டால், கடல் கெட்டுவிட்டது என்கிறோம்.

மீன்வளம் பெருக வேண்டும் என்று கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் உண்டு. நியாயமான ஏற்பாடுதான், அந்த நாட்களின் வருமானத்தை இழப்பவர்கள் மீனவர்கள். சாக்கடைக்கு மட்டும் தடைக்காலம் கிடையாது. அதன் சொந்தக்காரர்களான நம்மில் பெரும்பாலோர் கடலுக்குள் ஒருநாளும் போனதில்லை.