உயரமும் கூலியும்

அப்புத்தளையிலிருந்து பதுளைக்கு இறங்க இறங்கக் குளிர் தணிகிறது. மனிதனின் பசியும் அவ்வாறே தணியுமோ? நகைப்பிற்குரிய கேள்விதான். ஆயினும் இந்நாட்டின் சட்டம் ஒரு காலத்தில் அதற்கு விடை எழுதி வைத்திருந்தது.

1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி இது: மேல்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவர்க்கு 32. இடைநாட்டில் 52, 41, 31. கீழ்நாட்டில் 50, 40, 30.

உயரத்திலே கம்பளி வேண்டும். அரிசியும் மலையேறி வரவேண்டும். ஆதலால் கூலி வேறுபடுவது முறையே என்பர். இவ்வாதத்தை நாம் முற்றாக ஒதுக்கவில்லை. தேவை மிகும் இடத்தில் கூலியும் மிகுவது நியாயமே. எங்கும் ஒரே தொகை என்பது மட்டும் சமத்துவம் ஆகிவிடாது.

ஆனால் அதே பட்டியலை மற்றொரு முறை நோக்குவோம். மேல்நாட்டிற்கும் இடைநாட்டிற்கும் உள்ள வேறுபாடு இரண்டு சதம். ஒரே மலையில், ஒரே லயத்தில் வாழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடோ பதினொரு சதம்! பெண்ணுக்குக் குளிர் குறைவா? அவளுக்கு மட்டும் அரிசி மலிவா? தேவை என்னும் வாதம் இங்கே தானாகவே சரிந்து விழுகிறது. கூலியில் ஆண் பெண் பேதம் ஒழிய 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆகவே வேற்றுமை இருவகைப்படும். ஒன்று தேவையால் எழுவது. மற்றது உழைப்பவரின் பலவீனத்தால் எழுவது. பின்னது எப்போதும் முன்னதன் ஆடையை உடுத்தியே வருகிறது.

கடலுக்கு அப்பாலும் கதை இதுவே. அந்நாளில் இந்தியாவில் நடைமுறையிலிருந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் கூலி விகிதத்தை மாநிலங்களின் கையில் விட்டிருந்தது. எல்லைக்கோட்டின் இருபுறமும் அதே செடி, கூலி வேறு. 2015இல் கேரளத்து மூணாறில் 232 ரூபாய் பெற்றுவந்த தமிழ்ப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி 301 ஆயிற்று. அதனை உயர்த்தியது அரிசியின் விலையன்று. அவர்கள் திரண்டெழுந்த குரல். பதுளையும் இதனை அறியும். 1940இல் வெவெஸ்ஸ தோட்டத்தில், தொழிலாளர் தேர்ந்தெடுத்த சபையோடு கலந்து நடக்கத் துரை இணங்க நேர்ந்தது.

2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. உயரத்தின் பேதமும் ஆண் பெண் பேதமும் இதில் இல்லை. ஆனால் தராசு இருக்கிறது. ஆடி ஆவணியில் ஊவாவில் வீசும் உலர்காற்றில் துளிர் சிறுக்கிறது, மணம் கூடுகிறது. அப்பருவத் தேயிலைக்கு ஏலத்தில் தனி மதிப்பு. பறிப்பவளின் கொழுந்துக்கோ நிறை குறைவு. நிறை குறைந்தால் அரைப்பேர்.

'குறைந்தபட்சம்' என்பது, இதற்குக் கீழே எவரையும் தாழவிடோம் எனச் சமூகம் கொடுக்கும் வாக்கு. காற்றடித்தால் பாதியாகும் வாக்கு என்ன வாக்கு? மாணவர்க்குப் பின்னக் கணக்குக் கற்பிக்கும் நாம், இந்த அரைப்பேரையும் ஒருநாள் கரும்பலகையில் எழுதிக் காட்டுவோம்.