மாறுபட்ட தீர்ப்பையும் படிப்பது

இளநிலைச் சட்டப் படிப்பு மூன்றாண்டானாலும் ஐந்தாண்டானாலும் அரசியலமைப்புச் சட்டம் கட்டாயப் பாடம். ஒப்பந்தச் சட்டத்தில் பெரும்பாலும் இரு தனிமனிதர்கள் வழக்காடுகிறார்கள். அரசு நடுவில் நின்று தீர்த்துவைக்கிறது. அரசியலமைப்புச் சட்டம் அடங்கிய பொதுச் சட்டத்திலோ அரசே ஒரு தரப்பு. சட்டம் இயற்றும் அதிகாரமும் சிறையும் காவலும் அதன் கையில் இருக்கும்போது அதற்கு எல்லை வகுப்பது யார் என்பதே பாடத்தின் முதல் கேள்வி. நீதிமன்றம் என்ற விடை கிடைத்ததும் அதைவிடக் கடினமான கேள்வி எழுகிறது: நீதிமன்றமும் தவறினால்?

அரசியலமைப்பின் பிரிவு 21 மிகச் சிறியது. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. அதை மனப்பாடம் செய்ய அதிக நேரம் ஆகாது; புரிந்துகொள்ளத் தீர்ப்புகளுக்குள் போக வேண்டும். 1950இல் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். சட்டம் ஒரு நடைமுறையை வகுத்திருந்தால் போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராய வேண்டியதில்லை என்பதே பெரும்பான்மையின் நிலைப்பாடு. நீதிபதி ஃபசல் அலி அதை ஏற்கவில்லை. 1978இல், கடவுச்சீட்டு முடக்கப்பட்ட மேனகா காந்தியின் வழக்கில், நடைமுறை நியாயமானதாகவும் இருந்தாக வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது.

இவ்விரு வழக்குகளுக்கும் இடையில் வருகிறது 1976ஆம் ஆண்டின் ஜபல்பூர் வழக்கு. நெருக்கடி நிலைக் காலத்தில் விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்களைக் கேட்கலாம் என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அதை மறுத்தனர். எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். அடுத்த ஆண்டு, பணிமூப்பில் அவருக்குப் பின்னால் இருந்தவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டபோது கன்னா பதவி விலகினார். 1978இன் 44ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் பிரிவு 20, 21 தரும் உரிமைகளை நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கியது. 2017இல் அந்தரங்க உரிமை குறித்த புட்டசாமி வழக்கில் ஜபல்பூர் தீர்ப்பு தவறென்று அறிவிக்கப்பட்டது.

நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே இறுதிச் சொல் யாருடையது என்பதும் எளிதில் முடியும் விவாதம் அல்ல. சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி அரசாணையை 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அதே ஆண்டில் வந்த முதல் திருத்தம், சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழி திறந்தது. அங்கே நீதிமன்றத்தைத் திருத்தியது நாடாளுமன்றம். 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்தனர். திருத்தும் அதிகாரம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கும் அளவுக்குப் போகாது என்பது 7 பேரின் முடிவு. 6 பேர் உடன்படவில்லை. இன்றும் நிலைத்திருக்கும் அந்தக் கோட்பாடு அன்று ஒரே ஒருவரின் வித்தியாசத்தில் பிறந்தது.

தேர்வுக்குரிய கைடுகளில் ஒவ்வொரு வழக்கும் இரண்டு வரி. அந்த இரண்டு வரியில் முடிவு இருக்கும். முடிவுக்கு இட்டுச்சென்ற வாதமும் அதை எதிர்த்த வாதமும் இரா. அந்த இரண்டு வரியை மட்டும் படிக்கும் மாணவருக்கு இரண்டு மனநிலைகளில் ஒன்றே வாய்க்கிறது. நீதிமன்றம் சொல்வதெல்லாம் நீதி என்று நம்பலாம். தீர்ப்புகள் மாறுவதைப் பார்த்து எல்லாமே அதிகாரத்தின் விளையாட்டு என்று கைவிடலாம். இரண்டுமே சிந்திக்கும் உழைப்பைத் தவிர்க்கும் வழிகள்.

முழுத் தீர்ப்பையும் அதன் மறுப்பையும் சேர்த்துப் படிப்பவருக்கு வேறொரு பழக்கம் அமைகிறது. நடைமுறையில் உள்ள தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும், அது தவறாக இருக்கக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது, தவறென்றால் காரணத்தோடு எழுதிச் சொல்ல வேண்டும். மாறுபட்ட தீர்ப்பு எழுதப்பட்ட அன்று யாரையும் விடுவிப்பதில்லை. பின்னால் வருபவர்கள் திருத்திக்கொள்ளத் தேவையான வாதத்தை அது காத்துவைக்கிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் ஊரிலும் ஏதோ ஓர் அதிகாரத்துக்குக் கீழேதான் எல்லோரும் வாழ்கிறார்கள். பணிந்தும் சிந்தித்தும் வாழ முடியும் என்பதற்கு இந்தப் பாடம் சான்று தருகிறது. வழக்கறிஞர் ஆகாதவர்களுக்கும் அது பயன்படும்.