கடன்படாத மலை

நெடுந்தூரப் பிரயாணம் போய் வந்தவர்களிடம் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருக்கிறேன். விமானத்தில் போய்ப் பெரிய ஹோட்டலில் தங்கித் திரும்புகிறவர், "அங்கே ஒன்றும் பிரமாதமில்லை" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறார். இரண்டு வருஷம் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்து, ரயிலில் உட்கார்ந்தபடியே இரவுகளைக் கழித்து, சத்திரத்தில் படுத்து, ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு வாழைப்பழத்தோடு முடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவரால் மட்டும் அப்படிச் சொல்ல முடிவதில்லை. "பார்க்கக் கண் கோடி வேண்டும்" என்கிறார். சொல்லும்போது அந்தக் கோடியில் ஒரு கண்ணின் ஒளிகூட அவர் முகத்தில் இல்லை.

ஏன் இந்தப் பொய்? பிறரை ஏமாற்றுவதற்காக அல்ல. பட்ட சிரமமெல்லாம் வீண் என்று ஒப்புக்கொள்ள மனம் துணியவில்லை, அவ்வளவுதான்.

டார்ஜிலிங்குக்கு மேலே டைகர் ஹில் என்று ஓர் இடம். காஞ்சன்ஜங்காவின் மீது முதல் வெயில் படுவதைப் பார்க்க, விடியுமுன் எழுந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு ஜனங்கள் அங்கே போய் நிற்கிறார்கள். பல நாட்களில் மேகம்தான் தரிசனம் தருகிறது. வசதியுள்ளவர் இன்னும் இரண்டு நாள் தங்கிப் பார்ப்பார். எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவருக்கோ மறுநாளே ரயில். அவருக்குக் கோபம் வருகிறது. யார் மீது? வழியெல்லாம் பட்ட பசியையும் தூக்கமின்மையையும் அவர் தம்மை அறியாமலே மலையின் பேரில் பற்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். இப்போது வசூலுக்கு வந்து நிற்கிறார். மலையோ எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை.

எதிர்பார்க்காமல் போனால் ஏமாற்றம் இராது என்று வேதாந்தம் பேசலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எதிர்பார்ப்பே இல்லாதவன் வீட்டுத் திண்ணையை விட்டு நகரமாட்டான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆயிரம் மைல் போகிறவனைக் கிளப்பிவிடுவதே அந்த ஆசைதான். ஆசையையும் வைத்துக்கொண்டு, ஏமாற்றத்தையும் நேர்மையாக ஏற்பது எப்படி என்பதே கேள்வி.

இதற்கு ஆங்கிலக் கவி வர்ட்ஸ்வர்த் ஒரு வழி காட்டியிருக்கிறார். 1790ஆம் ஆண்டு, இருபது வயதுக் கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்தபோது, ராபர்ட் ஜோன்ஸ் என்ற நண்பரோடு பிரான்ஸ், ஸ்விட்ஸர்லாந்து வழியாகப் பெரும்பாலும் நடந்தே நீண்ட பிரயாணம் செய்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் வண்டி கட்டிக்கொண்டு போன காலத்தில் இவர்கள் மூட்டை சுமந்து நடந்தார்கள். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டும் கணத்தைப் பற்றி எத்தனையோ கனவு. ஸிம்ப்ளன் கணவாயில், கூட வந்தவர்கள் முன்னே போய்விட, இவர்கள் வழி தவறி மேலே மேலே ஏறினார்கள். எதிரே வந்த குடியானவன் ஒருவனைக் கேட்டார்கள். திரும்பிப் போய் ஓடையோடு கீழே இறங்க வேண்டும் என்றான். நம்பாமல் மறுபடியும் மறுபடியும் கேட்டார்கள். விஷயம் ஒன்றுதான்: ஆல்ப்ஸைத் தாண்டியாயிற்று, தாண்டியதே தெரியாமல்!

கவி இதை மறைத்திருக்கலாம். மலையுச்சியில் மெய்சிலிர்த்ததாக எழுதியிருந்தால் யார் சாட்சி கேட்கப்போகிறார்கள்? அவர் மறைக்கவில்லை. 1804இல், தம் வாழ்வைப் பாடிய 'பிரிலூட்' என்ற நெடுங்கவிதையில் அந்தச் சோர்வை அப்படியே எழுதி வைத்தார். அவர் மறைந்த 1850ஆம் ஆண்டில் அது அச்சாயிற்று. சோர்வோடு இறங்கிய வழியில் காண்டோ என்ற குறுகலான மலைப்பிளவும், அதன் பாறைகளும் அருவிகளும் அவரை ஆட்கொண்டதையும் அதே கவிதை சொல்கிறது.

ஒன்று போனால் இன்னொன்று கிடைக்கும் என்று இதிலிருந்து நீதி எடுக்கமாட்டேன். எதுவும் கிடைக்காமல் ஊர் திரும்புகிறவர்களும் உண்டு. நான் கவனிப்பது வேறு. அவர் தம் ஏமாற்றத்தைப் பொய்யாக்கவில்லை. மலையைப் பழிக்கவும் இல்லை.

நாம் இரண்டில் ஒன்றைச் செய்துவிடுகிறோம். "பிரமாதம்" என்று புளுகினால், அதை நம்பிப் பக்கத்து வீட்டுக் குமாஸ்தா கடன் வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். "ஒன்றுமேயில்லை" என்று தூற்றினால், அந்த மண்ணில் பிறந்து வளர்ந்து தேயிலை பறிக்கிறவர்களின் ஊரை ஒரு காலைப் பொழுதில் எடைபோட்டுத் தள்ளுகிறோம். "நான் போன அன்று எனக்குத் தெரியவில்லை" என்று சொன்னால் யாருக்கும் தீங்கில்லை.

அப்படிச் சொல்லத் தைரியம் வேண்டும். செலவழித்த பணம் திரும்பாது. ஆனால் கண்டதைக் கண்டபடி சொன்ன திருப்தி மிஞ்சும். ஏழைப் பிரயாணி ஊருக்குக் கொண்டுவரும் சாமான்களில் அதற்கு மட்டும் சுமைகூலி கிடையாது.