கைதட்டல் யாருக்கு?

லிமாவில் நானும் இணையரும் வாழ்ந்த நாட்களில் பெரு நாட்டுச் சமையல் வகுப்பு ஒன்றில் சேர்ந்தோம். முதல் பாடம் செவிச்சே: பச்சை மீன் துண்டுகளை எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாய், வெங்காயத்தோடு ஊறவைப்பது. அடுப்பில்லாமலே மீன் வெளுத்து இறுகும். இணையர் வெங்காயத்தை மெல்லிசாக அரிந்தபோது வகுப்பே கைதட்டியது. நானும் அப்படித்தான் அரிந்தேன், யாரும் கவனிக்கவில்லை.

ஒரே வேலை ஆணிடம் திறமையாகவும் பெண்ணிடம் இயல்பாகவும் தெரிவது எப்படி? பெண்ணுக்கு அது கடமை என்று முன்பே தீர்மானித்தாகிவிட்டது. கடமைக்கு யாரும் கைதட்டுவதில்லை. தவறினால்தான் கேள்வி வரும்.

அதே லிமாவின் ஏழைக் குடியிருப்புகளில் 1970களின் இறுதியிலிருந்து பெண்கள் பொதுச் சமையற்கூடங்களை நடத்தினார்கள். 1990 ஆகஸ்டில் அரசின் பொருளாதார நடவடிக்கையால் விலைகள் ஓர் இரவுக்குள் பன்மடங்கு ஏறியபோது, இலட்சக்கணக்கானோர் பசியாறியது இந்தப் பானைகளால்தான். வில்லா எல் சால்வடோரில் பெண்களைத் திரட்டிய மரியா எலெனா மோயானோவை 1992இல் ‘ஒளிரும் பாதை’ இயக்கத்தினர் கொன்றார்கள். வீட்டுக்குள் ‘இயல்பு’ எனப்பட்ட வேலை, தெருவில் ஒன்றுசேர்ந்ததும் துப்பாக்கி ஏந்தியவர்களையே அச்சுறுத்தியது.

ஆகவே ஆண் சமைக்கிறானா என்பதல்ல என் கேள்வி. செய்முறையை ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். அரிசி தீர்ந்துபோனதை, பால் திரிந்ததை, நாளைக்கு என்ன என்பதை யார் மனதில் சுமக்கிறார்கள்? அந்தச் சுமையில் பாதியை எடுத்துக்கொள்ளாதவரை, ஆணின் சமையல் வெறும் பொழுதுபோக்குதான்.