சம்மதம் சொல்ல முடியாத நோயாளி

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ரத்தப் புற்றுநோய். அதிலும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா என்ற வகையே மிகுதி. 1940களின் நடுப்பகுதி வரை அதற்கு மருந்து கிடையாது. நோய் கண்ட குழந்தை சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் இறந்துவிடும். இன்று வசதியுள்ள நாடுகளில் இதே நோய் வந்த பத்துக் குழந்தைகளில் சுமார் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். இந்த மாற்றம் குழந்தைகளின் உடலிலேயே நடந்த ஆய்வுகளால் வந்தது. தனக்கு என்ன நடக்கிறதென்றே புரியாத ஒருவரை ஆய்வுக்கு உட்படுத்தலாமா, அந்த ஆய்வுக்குச் செலவிட வேண்டியவர் யார் என்ற இரு கேள்விகளும் இங்கேதான் பிறக்கின்றன.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் வல்லுநராக இருந்த சிட்னி ஃபார்பர், லுக்கீமியா கண்ட குழந்தைகளுக்கு முதலில் ஃபோலிக் அமிலம் சார்ந்த பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, வேகம் பிடித்தது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் பொருள் நோயையும் தடுக்கலாம் என்று அவர் எண்ணினார். அத்தகைய பொருள்களை லெடர்லி ஆய்வகத்தில் உருவாக்கிக் கொடுத்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேர் தேறினர். 1948 ஜூனில் வெளியான இந்த முடிவில் ஒரு வருத்தமும் உண்டு: தேறுதல் தற்காலிகமானது, நோய் திரும்பி வந்தது. வெற்றிக் கதையாகச் சொல்லும்போது விட்டுப்போவது இன்னொன்று. முதலில் ஃபோலிக் அமிலம் பெற்ற குழந்தைகளுக்குக் கிடைத்தது தீங்கு; மருந்துக்கு வழிகாட்டியதும் அந்தத் தீங்கேதான்.

அதே காலத்தில், 1947 ஆகஸ்டில், நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்போடு நியூரம்பர்க் நெறிகள் வெளிவந்தன. ஆய்வுக்கு உட்படுபவரின் தன்னிச்சையான சம்மதம் இன்றியமையாதது என்பது அவற்றின் முதல் விதி. அதைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினால் ஐந்து வயதுக் குழந்தை எந்த ஆய்விலும் இடம்பெற முடியாது. 1964இல் வந்த ஹெல்சிங்கி பிரகடனம் பாதுகாவலரின் சம்மதத்தை ஏற்று அந்தக் கதவைத் திறந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி செல்கிறது: பெற்றோர் சம்மதித்தாலும், 7 வயது முதல் குழந்தையின் வாய்மொழி இசைவும், 12 வயதுக்கு மேல் எழுத்து வடிவ இசைவும் வேண்டும். பிள்ளையின் உயிர் ஊசலாடும் நேரத்தில் பெற்றோர் இடும் கையெழுத்து எவ்வளவு சுதந்திரமானது என்ற ஐயத்துக்கு எந்த விதியிலும் முழு விடை இல்லை.

ஆய்வே வேண்டாம் என்று விலகிவிட்டால் குழந்தைகள் காப்பாற்றப்படுவார்களா? அப்போதும் மருத்துவர் ஏதோ ஒரு மருந்தை ஏதோ ஓர் அளவில் கொடுத்தாக வேண்டும். பெரியவர்களுக்குச் சோதித்த மருந்தை எடைக்கேற்பக் குறைத்துக் கொடுப்பதும் சோதனைதான்; முடிவை எவரும் எழுதிவைக்காத சோதனை. அறநோக்கில் அதுவே கூடுதல் குற்றமுடையது, ஏனெனில் ஒரு குழந்தை பட்ட துன்பம் அடுத்த குழந்தைக்குப் பாடமாகக்கூட ஆகாது. வளரும் உடல் சிறிய அளவிலான பெரியவர் உடல் அன்று. டாக்சோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்துகள் இதயத்தசையைப் பலவீனமாக்கலாம். தலைக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு கற்கும் திறனைக் குறைக்கலாம். இவை பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். 1970க்கும் 1986க்கும் இடையில் குழந்தைப் பருவப் புற்றுநோய் கண்டறியப்பட்டுப் பிழைத்தவர்களை வட அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்த ஆய்வு, 30 ஆண்டுகள் கழிவதற்குள் அவர்களில் ஏறத்தாழ 73 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு நாள்பட்ட உடல்நலக் கேடு வந்திருக்கும் என்று 2006இல் தெரிவித்தது. தலைக்குக் கதிர்வீச்சே இல்லாமல் லுக்கீமியாவைக் குணப்படுத்தலாம் என்பதும் பின்னர் ஆய்வால் நிறுவப்பட்டதுதான். புது மருந்து கண்டுபிடிப்பதைப் போலவே, எதை விட்டுவிடலாம் என்று கண்டறிவதும் ஆராய்ச்சி.

பணத்துக்கு வந்தால், கணக்கு குழந்தைகளுக்கு எதிராகவே இருக்கிறது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வருகிறது. அவர்களில் 19 வயது வரையிலானவர்கள் ஏறத்தாழ 4 லட்சம். அந்த 4 லட்சமும் பல நோய்களாகச் சிதறியிருக்கிறது. இவ்வளவு சிறிய சந்தைக்கு நிறுவனங்கள் தாமாக வருவது அரிது. எனவே 2017இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது: பெரியவர்களுக்கான புதிய மருந்து குறிவைக்கும் மூலக்கூறு குழந்தைப் புற்றுநோய்க்கும் தொடர்புடையதானால், நிறுவனம் அதைக் குழந்தைகளிடமும் ஆராய வேண்டும். சட்டம் எட்டாத இடத்தில் பொதுப்பணமும் நன்கொடையுமே துணை.

இருக்கும் மருந்தே எல்லோருக்கும் எட்டாதபோது புதிய ஆராய்ச்சி எதற்கு என்ற எதிர்வாதத்தை எளிதில் தள்ள முடியாது. எல்லாக் குழந்தைப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால், வசதியுள்ள நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் குணமடைய, ஏழை நாடுகள் பலவற்றில் அது 30 சதவீதத்தையும் எட்டவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயைக் கண்டறியத் தாமதமாவதும், ஊருக்குப் போய்த் திரும்பி வராமல் சிகிச்சை பாதியில் நிற்பதும் காரணங்களுள் அடங்கும். ஆனால் இவையும் ஆராய்ச்சிக்குரியவையே. எடுத்துக்காட்டாக, 1980களில் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியாவுக்கான எம்.சி.பி. 841 என்ற சிகிச்சைமுறை மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகியவற்றில் நடைமுறைக்கு வந்தது. இங்குள்ள மருத்துவமனைகள் தாங்கக்கூடியதாக வகுக்கப்பட்ட முறை அது.

பிழைத்தவர்களின் தேவை மருத்துவமனையை விட்டு வெளியேறிய பிறகும் தொடர்கிறது. நான்கு வயதில் டாக்சோரூபிசின் பெற்ற ஒரு பெண் முப்பதாவது வயதில் கருவுறும்போது, மொத்தம் எவ்வளவு மருந்து ஏறியது, மார்பில் கதிர்வீச்சு பட்டதா என்பவற்றை மகப்பேறு மருத்துவர் அறிந்தால்தான் இதயத்தை எந்த அளவுக்குக் கவனிப்பது என்று முடிவுசெய்ய முடியும். அந்தச் சிகிச்சைச் சுருக்கத்தை எழுதிக் கையில் கொடுப்பதற்கும், இத்தனை ஆண்டு அவரைத் தொடர்ந்து கவனிப்பதற்கும் ஆகும் செலவும் ஆராய்ச்சி நிதியில் சேர வேண்டியதே.