கரையிறங்காமல் பார்த்தால் என்ன?

தென் அட்லாண்டிக்கில் தெற்கு ஜார்ஜியா என்றொரு தீவு இருக்கிறது. அங்கே நிரந்தரக் குடிகள் இல்லை. அரசு அலுவலர் சிலரும் ஆய்வாளர் சிலரும் முறைவைத்து வந்து போவார்கள். 2023 அக்டோபரில் அத்தீவின் ஸ்குவாப் பறவைகளிடம் பறவைக் காய்ச்சல் உறுதியானது. அடுத்த சில மாதங்களில் யானைச் சீல்களுக்கும் தொற்றியது. உலகில் யானைச் சீல்கள் மிகுதியாகக் கூடுவது இந்தத் தீவில்தான். அதன் மூன்று பெரிய கடற்கரைகளில் குட்டி ஈனவந்த பெண் சீல்களின் எண்ணிக்கை 2022-க்கும் 2024-க்கும் இடையே 47 விழுக்காடு சரிந்துவிட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தச் சாவுக்காலத்திலும் சுற்றுலாக் கப்பல்கள் நிற்கவில்லை. சில கரைகளை மூடினார்கள். மூடாத கரைகளில் பயணிகள் இறங்கினார்கள். இழவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போவார்கள். கேமராவோடு வேடிக்கை பார்க்கப் போகிறவர்களை எந்த ஊரும் மதித்ததில்லை.

ஆளில்லாத, உயிர்கள் நிறைந்த தீவுகளைச் சுற்றுலாப் பயணி கடலிலிருந்து பார்க்கலாம். கரையில் கால்வைக்கக் கூடாது. அறம் சொல்வது இதுதான். கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சிறு கப்பல் என்றால் தீங்கும் சிறிது என்று பலர் நம்புகிறார்கள். கப்பல் நிறுவனங்களும் அப்படித்தான் விளம்பரம் செய்கின்றன. அண்டார்டிக் பயண நிறுவனங்களின் கூட்டமைப்பு வகுத்த விதியைப் பார்த்தால் கதை வேறு. ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் யாரையும் கரையிறக்க முடியாது. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் நிற்கவும் கூடாது. ஆக, பெரிய கப்பலின் பயணி தளத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார். ரப்பர் படகில் ஏறிப் பென்குயின் கூட்டத்தருகே போய் இறங்குவது சிறு கப்பலின் பயணி. காசு கூடக் கொடுப்பதே அந்தக் காலடிக்காகத்தான்.

'நான் ஒருவன் இறங்கினால் தீவு தேய்ந்துவிடுமா' என்பது அடுத்த கேள்வி. மயிலிறகுதானே என்று அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சே முறியும் என்று வள்ளுவர் இதற்கு என்றோ பதில் சொல்லிவிட்டார். அண்டார்டிகாவுக்கு இப்போது ஒரு பருவத்தில் போய்வருவோர் ஒரு லட்சத்துக்கும் மேல். 2007-08 பருவத்தில் அங்கே போனவர்களின் உடை, பை, காலணிகளைச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. ஆளுக்குச் சராசரியாக ஒன்பதுக்கும் மேற்பட்ட விதைகள் கிடைத்தன. இறகு எடையை மட்டுமே கூட்டும், விதை முளைக்கும்.

வேண்டுமென்று செய்யவில்லையே என்பதும் தப்பிக்கும் வழி ஆகாது. தேர்க்காலில் கன்று சிக்கியதை மனுநீதிச் சோழனின் மகனும் அறியவில்லை. அதனால் தகப்பன் தீர்ப்பு இளகவில்லை. நியூஸிலாந்தின் தென்கோடியில் பிக் சவுத் கேப் என்ற தீவு. கடற்பறவைக் குஞ்சு பிடிக்கப் பருவந்தோறும் வந்தவர்களின் படகுகளிலிருந்து 1960-களின் தொடக்கத்தில் எலிகள் கரையேறின. 1964-இல் வனவிலங்குத் துறையினர் போனபோது நிலைமை கைமீறியிருந்தது. சேடில்பேக் பறவைகளில் 36-ஐ வேறு தீவுகளுக்குக் கொண்டுபோய் அந்த இனத்தை மீட்டார்கள். அங்கிருந்த புதர் ரென் சிட்டும் ஸ்னைப்பும் இன்று உலகத்திலேயே இல்லை. அந்தப் படகோட்டிகள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கயிற்றைக் கட்டிக் கரையேறினார்கள், அவ்வளவுதான்.

நம் முன்னோர் பயணத்துக்கு எதிரிகள் அல்லர். ஆனால் பயணம் செய்கிறவன் எப்படிப் போகவேண்டும் என்பதில் கூர்மையாக இருந்தார்கள். அகநானூற்றின் நான்காம் பாடலில் தலைவன் காதலியைப் பார்க்க விரைகிறான். போகும் வழியில் பூவில் தேனுண்ணும் வண்டுகள் மிரளுமே என்று தேர்மணியின் நாவை இழுத்துக் கட்டிவிடுகிறான். அவசரம் அவனுக்கு; அமைதி வண்டுக்கு. நற்றிணையில் ஒரு பெண், தான் வளர்த்த புன்னையை உடன்பிறப்பாக எண்ணி அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசக் கூசுகிறாள். பல உயிர்களையும் பேணுவதை நூலோர் தொகுத்த அறங்களுக்கெல்லாம் தலையாக வைத்தது குறள். மரத்தின் முன்னால் கூசிய மரபு நம்முடையது. சாகும் சீலுக்குச் சில மீட்டர் தள்ளி நின்று படமெடுப்பதை விதிப்படி சரி என்று சொல்ல அதனால் எப்படி முடியும்?

எதிர்த்தரப்பிலும் உண்மை இருக்கிறது. தெற்கு ஜார்ஜியாவுக்கு நோயைக் கொண்டுவந்தவை பறவைகள் என்றே கருதப்படுகிறது. பயணிகள் அநேகமாகப் போகாத ஹேர்ட் தீவுக்கும் அது 2025-இல் வந்துவிட்டது. முன்சொன்ன விதை ஆய்விலேயே, ஆளுக்கு ஆள் பார்த்தால் சுற்றுலாப் பயணியைவிட விஞ்ஞானிகள்தான் கூடுதலாக விதை சுமந்தார்கள். சீல் வேட்டைக்காரர்களின் கப்பலில் வந்த எலிகளைத் தெற்கு ஜார்ஜியாவிலிருந்து ஒழித்து, 2018-இல் எலியற்ற தீவு என்று அறிவிக்க முடிந்ததற்குப் பயணிகள் தந்த நன்கொடையும் உதவியது. நல்லது. நன்கொடை கொடுத்தவர் கரையில் இறங்கினால்தான் கொடுப்பேன் என்றால் அதற்குப் பெயர் கட்டணம்.

நேரில் பார்த்தவர்தான் காப்பாற்றப் போராடுவார் என்றும் சொல்கிறார்கள். கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பாட்டு 1970-இல் இசைத்தட்டாக வந்தது. வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்த 1982-இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் வாக்களித்தது. இடையில் தெருவுக்கு வந்து குரல் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் திமிங்கிலத்தைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர், காதால் கேட்டவர்கள்.

செய்துகாட்டப்பட்ட வழியும் இருக்கிறது. நியூஸிலாந்தின் ஸ்நேர்ஸ் தீவுகளில் எலியோ பூனையோ இதுவரை குடியேறியதில்லை. கரி மண்ணெங்கும் கடற்பறவைகளின் வளைகள். கால் வைத்தால் கூரை இடிந்து குஞ்சின்மேல் விழும். அதனால் அங்கே சுற்றுலாப் பயணி யாரும் இறங்க அனுமதியில்லை. சிறு கப்பல்கள் வருகின்றன, ரப்பர் படகில் கரையோரமாகச் சுற்றிக்காட்டுகின்றன, திரும்புகின்றன. அங்கு மட்டுமே இனப்பெருக்கம் செய்யும் கொண்டைப் பென்குயினைப் படகிலிருந்தே பார்த்துவிடுகிறார்கள்.

எலி ஒழிப்பவரும் குஞ்சு எண்ணுபவரும் இறங்கட்டும். அவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது, விஞ்ஞானிகளின் பையையும் இன்னும் கடுமையாக உதறிப் பார்க்கட்டும். மற்றவர்களுக்கு ஸ்நேர்ஸ் விதியே தெற்கு ஜார்ஜியாவின் செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவுக்கும் சாலிஸ்பரி சமவெளிக்கும் போதும். புதிய சட்டமோ உடன்படிக்கையோ தேடவேண்டியதில்லை. கப்பல்களுக்கு அனுமதி கொடுக்கும் அத்தீவின் அரசு, அடுத்த பருவத்துக்கான அனுமதியில் கரையிறங்கும் இடங்களின் பட்டியலிலிருந்து இந்த இரண்டு பெயர்களையும் அடித்துவிட்டால் தொடங்கிவிடும்.